டிரோம்சோவில் அந்தி

1960 மார்ச் 11, சிங்கப்பூர்

மைமூன் வீட்டில் நோன்பு திறக்கும் நேரத்துக்குப் போயிருந்தேன். வருடத்துக்கு ஒருமுறை அழைப்பாள். நோன்பு இல்லாதவள் கஞ்சி குடிக்கலாமா என்று நானும் வருடத்துக்கு ஒருமுறை கேட்பேன். "பசியோட வந்தா போதும், டீச்சர்" என்பாள். எங்கள் பள்ளியில் அவள் தையல், நான் புவியியல். பதினெட்டு வருடங்களாகப் பக்கத்துப் பக்கத்து மேசை. இன்னும் அவளுக்கு நான் 'நீங்க'. என்னைவிட ஆறு வயது இளையவள் என்பதால் எனக்கு அவள் 'நீ'.

டன்லப் தெரு வீடு, கீழே அவளுடைய அண்ணன் காதர் மைதீனின் கருவாட்டுக் கடை. மைமூன் கணவனை இழந்த நாளிலிருந்து மாடியில் இருக்கிறாள். பள்ளிவாசலில் பாங்கு சொல்லக் காத்திருந்த நேரத்தில் காதர் மைதீன் ஒரு மீனைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். வைத்த சத்தம் விறகு விழுந்தது போல இருந்தது.

"டீச்சரம்மா, இதுல உப்பே இல்ல. ஒரு பொட்டு உப்பு கெடையாது. நார்வேக்காரன் கப்பல்ல குடுத்தான். காத்துலயும் குளிர்லயும் தொங்கப் போட்டே காய வெக்கிறாங்களாம். நம்புறீங்களா?"

"பார்க்காமல் நம்ப மாட்டேன்" என்றேன். வழக்கமாகச் சொல்வதுதான்.

"அப்ப வாங்க. போயிப் பாத்துடுவோம்."

ஊர் பெயர் கேட்டேன். டிரோம்சோ. கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

மார்ச் 12

டிரோம்சோ. இருபத்திரண்டு வருடங்களாகக் கரும்பலகையில் அதற்கு ஒரு புள்ளி வைத்து, 'கோடையில் நள்ளிரவிலும் சூரியன்' என்று பக்கத்தில் எழுதி வருகிறேன். பிள்ளைகளும் எழுதிக்கொள்கிறார்கள். எழுதியவர்கள் யாரும் பார்த்ததில்லை, எழுத வைத்தவளும் பார்த்ததில்லை. கணக்குப் போட்டால் சரியாகத்தான் வருகிறது. ஆனால் கணக்கில் வருவதும் கண்ணில் விழுவதும் ஒன்றா?

அடுத்த மாசியில் ஐம்பது. நீண்ட விடுப்பு பாக்கி இருக்கிறது. சேமிப்பும் இருக்கிறது, யாருக்கென்று இல்லாமல்.

மார்ச் 30

காதர் மைதீன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பெருநாள் கழிந்த கையோடு பயணச் சீட்டு விசாரிக்கப் போய்விட்டார். மைமூனும் வருகிறாள். அண்ணனை அவள் 'காக்கா' என்றுதான் கூப்பிடுவாள். "காக்கா போறப்ப நானும் போனாத்தான் உண்டு. தனியா என்னை யாரு விடுவா?" என்றாள். அவருக்கு என் ஆங்கிலம் வேண்டும். "எனக்குக் கப்பல்காரன் இங்கிலீஷ்தான் வரும். அதுல பாதி பொம்பளைங்க காதுல விழக்கூடாது" என்கிறார்.

ஜூலை முதல் வாரம் என்று நாள் குறித்தேன். அப்போதுதான் அங்கே சூரியன் மறையாது.

ஏப்ரல் 9

டிரோம்சோவில் ஒரு தங்கும் விடுதிக்குக் கடிதம் எழுதினேன். வெப்பநிலை, காற்று, மழையளவு எல்லாம் கேட்டேன். காதர் மைதீன் ஒரு கேள்வி சேர்க்கச் சொன்னார்: "எத்தனை மணிக்கு மழை பெய்யும்னு கேளுங்க. மார்க்கெட்டுக்கு அதுக்கு முன்னாடி போயிட்டு வந்துடலாம்."

அப்படிக் கேட்க முடியாது என்றேன். "ஏன், மழைக்கு ஒரு நேரம் இருக்காதா?" என்றார். நம் ஊரில் பிற்பகல் இடித்துப் பெய்து ஓய்ந்துவிடும். அதைத்தான் மழை என்று அறிந்திருக்கிறார். நானும்தான், நேர்மையாகச் சொன்னால். கேள்வியைச் சேர்த்துவிட்டேன்.

ஏப்ரல் 19

மதிய இடைவேளையில் மைமூன் ஒரு பாவாடைக்கு ஓரம் மடித்துக்கொண்டே கேட்டாள்: "டீச்சர், அங்க சூரியன் மறையவே மறையாதுன்னு சொல்றீங்க. அப்ப மஃரிபு எப்போ தொழறது?"

மஃரிபு, சூரியன் மறைந்ததும் தொழுவது. மறையாத ஊரில்?

ஒன்பது வயதிலிருந்து ஒரு வேளை தவறவிட்டதில்லை அவள். ஜப்பான்காரன் குண்டு போட்ட நாட்களில் கட்டிலுக்கு அடியில் உட்கார்ந்து தொழுதிருக்கிறாள். எனக்குத் தெரியும். தெரிந்தும் ஏன் இது என் கணக்கில் வரவில்லை?

ஏப்ரல் 22

காதர் மைதீன் பள்ளிவாசல் இமாம் அப்துல் அலீம் சாகிபிடம் கேட்டுவிட்டு வந்தார். அப்படிப்பட்ட ஊர்களில் கணக்குப் போட்டு நேரம் வகுத்துக்கொள்ளலாம் என்று முன்னோர் சொல்லியிருக்கிறார்களாம். கணக்குத் தெரிந்தவரைக் கேட்டுக்கொள்ளச் சொன்னாராம்.

"நம்ம டீச்சரம்மாதான் இருக்காங்களே" என்று இவர் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

நான்! கோயிலுக்குக்கூடத் தம்பி மனைவி பூவம்மா இழுத்தால்தான் போகிறவள்.

ஆனால் மைமூன் தலையை ஆட்டினாள். "நீங்க கணக்குப் போட்டா சரியாத்தான் இருக்கும். அலீம் சாகிபு சொல்றதும் சரிதான். ஆனா சூரியன் கண்ணு முன்னாடி நிக்கிறப்ப, மறைஞ்சிருச்சுன்னு நெனச்சு என்னால கை கட்ட முடியாது, டீச்சர். நீங்களும் காக்காவும் போயிட்டு வாங்க."

ஏப்ரல் 23

கோபமாக இருக்கிறது. யார் மேல்?

ஏப்ரல் 26

பார்க்காமல் நம்ப மாட்டேன் என்று நான் சொன்னால் அது படிப்பு. பார்த்துக்கொண்டே நம்ப முடியாது என்று அவள் சொன்னால் அது பிடிவாதமா?

மே 2

ஆகஸ்ட் கடைசி என்று மாற்றிவிட்டேன், விடுதிக்கும் எழுதிவிட்டேன். அதற்குள் அங்கே இரவு திரும்பி வந்திருக்கும். சூரியன் முறையாக மறையும், முறையாக எழும். முழு இருட்டு இராது, ஆனால் அந்தி உண்டு. மைமூனிடம் சொன்னதும் ஊசியை நிறுத்தினாள்.

"அப்ப உங்க நடுராத்திரி சூரியன்?"

"எங்கேயும் போகாது. இன்னொரு வருடம் பார்த்துக்கொள்ளலாம்."

இன்னொரு வருடம் வராது என்று இருவருக்கும் தெரியும். அவள் நன்றி சொல்லவில்லை. நல்லது, சொல்லியிருந்தால் எழுந்து போயிருப்பேன்.

மே 9

பூவம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "ஆடி பொறக்குறப்ப பயணம் வேணாம்னு நான் சொன்னப்ப சிரிச்சீங்க. இப்ப பாத்தீங்களா அண்ணி, ஆவணிக்குத் தானா தள்ளிப்போயிடுச்சு!" எதிர்வீட்டுக்கும் போய்ச் சொல்லிவிட்டாள். ரங்கூன் சாலை முழுக்க நான் ஆடிக்குப் பயந்தவள் ஆகிவிட்டேன். ஆகட்டும்.

ஜூன் 4

விடுதியிலிருந்து பதில். எல்லாவற்றுக்கும் ஒழுங்காக விடை. வெப்பநிலை பாரன்ஹீட்டில் ஐம்பது டிகிரியை ஒட்டி, சில நாள் குறைவு. மழை எத்தனை மணிக்கு என்ற கேள்விக்கு மட்டும்: 'ஆகஸ்டில் மழை பெய்யலாம். பெய்யாமலும் இருக்கலாம். சில சமயம் இரண்டும்.'

காதர் மைதீனுக்குப் படித்துக் காட்டினேன். "இந்தம்மா வியாபாரம் பண்ணத் தெரிஞ்சவ" என்றார்.

ஜூலை 10

ஹை ஸ்திரீட்டில் கம்பளிக் கோட்டு வாங்கியாயிற்று. இந்த வெயிலில் அது போதுமா போதாதா என்று எப்படித் தெரியும்? கடைக்காரர் "லண்டனுக்கே போதும்" என்றார். அவர் லண்டனுக்குப் போனதில்லை.

காதர் மைதீன் வழி கண்டுபிடித்தார். அவருக்குத் தெரிந்த ஐஸ் கிடங்கு ஒன்றுக்கு இன்று காலை எங்களை அழைத்துப்போனார். மீன் கூடைகளுக்கு நடுவே மூவரும் கோட்டு போட்டுக்கொண்டு நின்றோம். பள்ளி வெப்பமானியைக் கொண்டுபோயிருந்தேன். வாசல் பக்கம் அதே ஐம்பதைக் காட்டியது.

மைமூன் கைகளை அக்குளில் திணித்துக்கொண்டாள். "டீச்சர், இதுதான் அவங்களுக்குக் கோடையா?"

"ஆமாம்."

"அல்லா! அப்ப குளிர் காலத்துல மனுசங்க என்ன பண்ணுவாங்க?"

"மீனோட சேந்து தொங்குவாங்க" என்றார் அண்ணன்.

கிடங்கு ஆட்கள் எங்களைப் பார்த்து அப்படிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். மூக்கு மரத்திருந்ததால் நிச்சயமில்லை.

ஜூலை 31

நூலகத்திலிருந்து மாலுமிகளின் வானியல் அட்டவணை எடுத்துவந்து டிரோம்சோவில் நாங்கள் தங்கும் நாட்களுக்குச் சூரிய உதயம், உச்சி, அஸ்தமனம் கணக்கிட்டேன். அந்தி முழுதாக அடங்காது என்பதால் இரவுத் தொழுகை இஷாவுக்கு அலீம் சாகிபு சொன்ன முறைப்படி. இரண்டு முறை போட்டுப் பார்த்தேன். மூன்றாம் முறை பின்னாலிருந்து முன்னால் போட்டேன். ஒத்து வருகிறது. கிரீனிச்சுக்கு ஒரு மணி முன்னே நார்வே நேரம். அதையும் சேர்த்தாகிவிட்டது.

இந்த அளவுக்குக் கவனமாக நான் எதையும் கணக்கிட்டதில்லை, பட்டப் பரீட்சைக்குக்கூட.

மைமூன் தாளை வாங்கி எண்களைப் பார்க்காமலே மடித்துக் குர்ஆன் வைக்கும் உறைக்குள் வைத்துக்கொண்டாள். சரிபார்க்க மாட்டாயா என்றேன். "நீங்க போட்டதை நான் என்னத்தப் பாக்குறது?"

அது எனக்குப் பிடிக்கவில்லை. யாராவது சரிபார்த்தால் நன்றாக இருக்கும்.

ஆகஸ்ட் 17

பாயா லேபார் விமான நிலையம். பூவம்மா திருநீறு பூசிவிட்டாள், மறுக்கவில்லை. காதர் மைதீன் கையில் ஒரு தகர டப்பா, நிறைய நெத்திலிச் சம்பால். "அங்க மீன் நிறைய இருக்குமே" என்றேன். "அது அவங்க மீனு" என்றார்.

ஆகஸ்ட் 22, கப்பலில்

விமானம், ரயில், இப்போது கரையோரத் தபால் கப்பல். மூன்று நாட்களாகச் சூரியனைக் காணோம். மலைகள் தண்ணீருக்குள்ளிருந்து நேராக எழுந்து மேகத்துக்குள் போகின்றன. அவற்றுக்கு உச்சி உண்டு என்று நம்பித்தான் ஆகவேண்டும்.

பயணத்தில் தொழுகையைச் சுருக்கவும், இரண்டு வேளையை இரவில் சேர்க்கவும் சலுகை உண்டாம். அதனால் இதுவரை என் கணக்குக்கு வேலை வரவில்லை. டிரோம்சோவில் நாலு நாளைக்கு மேல் தங்குவதால் அங்கே முழுமையாக, நேரத்துக்கு.

குளிர்கிறது. ஐஸ் கிடங்கு பொய் சொல்லவில்லை. ஆனால் அங்கே காற்று கிடையாது, அதைக் கணக்கில் எடுக்காமல் விட்டோம்.

ஆகஸ்ட் 24, டிரோம்சோ

புள்ளி வைத்த இடத்தில் நிற்கிறேன்! மர வீடுகள். மஞ்சள், சிவப்பு. மழை. ஓங்கிப் பெய்யாமல், ஓயவும் ஓயாமல், ஈரத்துணியை உதறுவது போல.

மீன் காயும் பந்தல்களைப் பார்க்கக் காதர் மைதீன் உடனே கிளம்பினார். மலைச்சரிவில் கம்பும் கட்டையுமாக ஊர் நீளத்துக்கு நிற்கின்றன. ஒரு மீன் இல்லை. மாசி பங்குனியில் தொங்கவிட்டு வைகாசியில் இறக்கிவிடுவார்களாம். சம்பால் டப்பாவைப் பிடித்தபடி வெறும் பந்தலுக்குக் கீழே மழையில் நின்றார் மனிதர்.

"டீச்சரம்மா, நீங்க பாக்க வந்தது ஜூலையோட போச்சு. நான் பாக்க வந்தது மே மாசத்தோட போச்சு. மைமூன் ஒருத்திக்குத்தான் வந்த காரியம் நடக்குது."

எட்டு மணியை ஒட்டி மைமூன் தாளை எடுத்தாள். வெளியே சாம்பல் நிறம், மேற்கும் கிழக்கும் ஒன்றே. என் கைக்கடிகாரம் ஆஸ்லோ ரயில் நிலையத்தில் வைத்தது.

"டீச்சர், ஆச்சா?"

"ஆச்சு" என்றேன். பாயை விரித்தாள். அடுத்த அறையில் அண்ணனும்.

ஆகஸ்ட் 25

மழை. துருவ ஒளி தெரியுமா என்று விடுதிக்காரம்மாவிடம் கேட்டேன். "மேகத்துக்கு மேலே இருக்கலாம்" என்றாள். அவளை எனக்குப் பிடிக்கிறது.

மாலை: ஆச்சா? ஆச்சு.

ஆகஸ்ட் 26

மழை. காதர் மைதீனுக்கு மீன் வியாபாரி ஒருவர் கிடைத்துவிட்டார். கப்பல்காரன் இங்கிலீஷில் இருவரும் மணிக்கணக்காகப் பேசுகிறார்கள். நான் தேவைப்படவில்லை.

ஒரு வேடிக்கை. நான் எதையும் எளிதில் நம்பாதவள். அந்த நான் ஒரு சொல் சொல்ல, இரண்டு பேர் கை கட்டி நிற்கிறார்கள். நேற்றும் இன்றும் அதைச் சொன்னபோது என் குரல் மாறுவதைக் கவனித்தேன். பெருமையா? இருக்கலாம். இல்லை, பெருமைதான்.

ஆகஸ்ட் 27

எழுதாமல் தூங்க முடியாது.

வழக்கம்போல எட்டை ஒட்டி, "ஆச்சு." மைமூன் பாயில் நின்றாள். காதர் மைதீன் துறைமுகத்திலிருந்து அப்போதுதான் வந்து அடுத்த அறைக்குள் போனார். நான் ஜன்னலருகே. மழை நின்றிருந்தது. மேற்கே மேகம் கந்தலாகக் கிழிந்தது.

சூரியன்.

மலை முதுகுக்கு மேலே, முழு வட்டமாக. மறைய அவசரமே இல்லாமல்.

என் பின்னால் மைமூன் குனிவதும் நிமிர்வதும் கேட்டது. திரைச்சீலை என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. ஆம், இழுத்து மூடலாமா என்று நினைத்தேன். நினைத்ததை இங்கே எழுதி வைக்கிறேன். இரண்டு நிமிடத்தில் மேகம் மறுபடி மூடிவிடும், யாருக்கும் தெரியாது, நாளைக்கு நேரத்தைத் திருத்திக்கொள்ளலாம்...

அவள் சலாம் கொடுத்துத் தொழுகையை முடிக்கும்வரை காத்திருந்தேன். "மைமூன், இங்கே வா."

வந்து பார்த்தாள். அந்த வெளிச்சம் அவள் முகத்தில் மஞ்சளாக விழுந்தது. சூரியன் கண் முன்னால் நிற்கும்போது கை கட்ட முடியாது என்று சொன்னவள். நாலு நாளாக நான் அதைத்தான் செய்ய வைத்திருக்கிறேன். அதற்காகத்தானே ஜூலையை விட்டேன்!

கீழே ஓடிப்போய் விடுதிக்காரம்மாவைக் கேட்டேன். அவளுக்கு என் பதற்றம் புரியவில்லை. "கோடை நேரம்" என்றாள். வசந்தத்தில் நாடு முழுக்கக் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி வைப்பார்களாம், செப்டம்பரில் திருப்பி வைப்பார்களாம். என் கைக்கடிகாரம் எட்டு காட்டும்போது என் தாளின்படி ஏழுதான்.

என் கணக்கில் பிழை இல்லை. கடிகாரத்தில்தான்... சீ, என்ன சாக்கு இது. எங்கள் ஊரில் சூரியன் வருடம் முழுக்க ஒரே நேரத்துக்கு வந்து ஒரே நேரத்துக்குப் போகிறது, கடிகாரத்தைத் தள்ள யாருக்குத் தோன்றும்? ஆனால் இங்கிலாந்தில் அப்படிச் செய்வதைப் படித்தவள்தானே நான். படித்தேன், அவ்வளவுதான். குளிரில் நடுங்கிப் பார்க்க ஐஸ் கிடங்குக்குப் போகத் தெரிந்தது, இதைக் கேட்டு ஒரு வரி எழுதத் தெரியவில்லை. மழை எத்தனை மணிக்கு என்று கேட்டவளுக்கு!

மாடிக்கு வந்து சொன்னேன். மற்ற வேளைகளுக்கு இடைவெளி பெரிது, தப்பித்தன. மஃரிபு நாலு நாளும், இஷா மூன்று நாளும் போயின. என்னால் உட்கார முடியவில்லை.

காதர் மைதீன்தான் முதலில் வாயைத் திறந்தார். "டீச்சரம்மா, உங்க பிள்ளைங்க இப்படி எழுதினா எத்தனை மார்க்கு போடுவீங்க?"

"காக்கா, சும்மா இருங்க லா!" மைமூன் இப்படி அதட்டி நான் கேட்டதில்லை. பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீ ஏன் நிக்கிறே? உக்காரு. நாம வேணும்னா செஞ்சோம்? களாவாத் திரும்பத் தொழுதுக்கறேன், அதுக்குத்தானே அது இருக்கு. என்ன, எல்லாரும் லேட்டா வருவாங்க, நான் சீக்கிரமா வந்துட்டேன்."

சிரித்தாள். எனக்குத்தான் கண் கலங்கியது. இந்த வயதில்.

நாங்கள் மூவரும் மேற்கே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஒன்பதை நெருங்கும்போது அது மலைக்குப் பின்னால் போனது. நான் "ஆச்சு" என்று சொல்ல வாயெடுத்தேன். "மலைக்குப் பின்னால போனா மறைஞ்சதா ஆகாது. கெழக்கப் பாருங்க, அங்க கருப்பு ஏறணும்" என்றார் காதர் மைதீன். கிழக்கே, நீரிணைக்கு அப்பால், அடிவானத்திலிருந்து ஒரு நீலக்கறுப்பு மெல்ல எழுந்தது. பூமியின் நிழல். அதையும் பாடமாக நடத்தியிருக்கிறேன். இதுவரை ஒருநாளும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை.

மைமூன் என்னைக் கேட்டாள். அவரை அல்ல, என்னை.

"ஆச்சா?"

மறுபடியும் கிழக்கே பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.

ஆகஸ்ட் 28

அட்டவணையைத் திருப்பிக் கேட்டேன், திருத்தித் தருவதாக. தர மறுத்துவிட்டாள். போனதையெல்லாம் களாவாக நேற்றே தொழுது முடித்துவிட்டாளாம். "கணக்கு தீந்துச்சு. தாள் என்கிட்டயே இருக்கட்டும்."

மழை.

செப்டம்பர் 2

நாளை கப்பல். தினமும் மாலை கரைக்குப் போய்க் கிழக்கே பார்த்து நிற்கிறோம். மேகமான நாட்களில் இருட்டு நன்றாக ஏறும்வரை காத்திருக்கிறோம். ஊர்க்காரர்கள் எல்லாரும் மேற்கே பார்க்கிறார்கள், இந்த மூன்று பேருக்கு என்ன வந்தது என்று நினைத்திருப்பார்கள். இன்று ஒரு கிழவர் எங்களோடு நின்று கொஞ்ச நேரம் கிழக்கே பார்த்தார். ஒன்றும் இல்லை என்று தலையசைத்துவிட்டுப் போனார்.

இரவு ஒவ்வொரு நாளும் வெகுவாக நீள்கிறது. நம் ஊரில் காண முடியாத வேகம். இதை எந்தப் புத்தகமும் எனக்கு உணர்த்தவில்லை.

செப்டம்பர் 20, சிங்கப்பூர்

நாலாம் படிவ வகுப்பு. ஐரோப்பாவின் வடமுனை வரைந்து புள்ளி வைத்தேன். பழக்கத்தில் கை 'நள்ளிரவிலும்' வரை எழுதிவிட்டது. அழித்தேன். "கோடையின் நடுவில் மறையாது என்கிறார்கள். நான் பார்க்கவில்லை. ஆகஸ்ட் கடைசியில் மறைகிறது. அதைப் பார்த்தேன்" என்றேன்.

முதல் வரிசையில் ஒருத்தி கை தூக்கினாள். "டீச்சர், பரீட்சையில எதை எழுதுறது?"

"மறையாது என்று எழுது."

மாலை டன்லப் தெரு. காதர் மைதீன் கீழே யாரிடமோ, உப்பில்லாத மீன் ஆறு பொதி அடுத்த கப்பலில் வருவதாக அளந்துகொண்டிருந்தார். மாடியில் நானும் மைமூனும் தேநீர். பாங்கு கேட்டது, நாலு வீடு தள்ளி, தெளிவாக. எழுந்தவள் பாயைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"ஆச்சா?"

கிண்டல்தான். பாங்கு இன்னும் முடியவில்லை. நான் எழுந்து பின்பக்கத்து ஜன்னலைத் திறந்தேன். சந்தின் ஓட்டுக்கூரைகளுக்கு மேலே, துணி காயும் கம்புகளுக்கு அப்பால், கிழக்கே அந்த நீலக்கறுப்பு ஏறியிருந்தது.

"ஆச்சு" என்றேன்.

பிறகுதான் பாயை விரித்தாள்.